குசினியும் புகையும்

பழைய இலக்கியங்கள் அட்டில் என்றன. பின்வந்தோர் அடுக்களை என்றனர். யாழ்ப்பாணத்தாராகிய நாமோ குசினி என்கிறோம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் 1658இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தனர். ஆயினும் அவர்தம் சொல் நம் அடுப்படியை விட்டு இன்னும் அகலவில்லை.

அண்மையில் அரியாலையில் ஒரு பழைய வீட்டிற்குச் சென்றிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன், குசினியை இடித்துவிட்டு வீட்டினுள்ளே புதிதாக ஒன்றை அமைக்க விரும்பினான். தாயார் உடன்படவில்லை. “அடுப்பு நிக்கிற இடத்திலை நிக்கட்டும், தம்பி. புகையை மட்டும் போக்கித் தா” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நமது குசினி வீட்டைவிட்டுச் சற்றே விலகி நிற்பது தற்செயலன்று. பனையோலை வேய்ந்த காலத்தில் ஒரு தீப்பொறி போதும். குசினி எரிந்தாலும் வீடு தப்ப வேண்டுமே! அடுப்புக்கு மேலே பரண். பாளையும் பன்னாடையும் கொக்கறையும் அங்கே உலரும். கதவைத் திறந்தாற் கிணற்றடி. கையெட்டும் தூரத்தில் அம்மி. பழுது இந்த அமைப்பில் இல்லை, புகையில்தான் இருக்கிறது. வீட்டினுள் எழும் எரிபொருட் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஓலைக்கூரையின் இடுக்குகளால் ஒருவாறு வெளியேறிய புகை, அழகுக்கென உட்கூரை அடித்தபின் அகப்பட்டுக்கொள்கிறது.

எரிவாயு இருக்க விறகு எதற்கு என்றான் மகன். 2022இல் எரிவாயுக் கலனுக்காக நாடே வரிசையில் நின்றதை நான் நினைவூட்டினேன். தாயாரோ அதனினும் முந்திய கதையைச் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழி நோக்கிப் பெயர்ந்தபோது அவரும் நடந்தவர். “திரும்பி வரேக்கை கூரை இல்லை. அடுப்புக்கல்லு மட்டும் இருந்தது. அதிலைதான் முதற் கஞ்சி வைச்சனான்.”

மகன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், புகைக்கூட்டுக்கு எத்தனை கல் வேண்டுமென்று மேசனைக் கேட்டான்.

பழைய அடுப்பின் இடத்திலேயே, இலங்கையில் 1980களில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் சுட்ட களிமண் அடுப்பை வைத்தனர். முன்வாயிற் சோறு கொதிக்க, மிஞ்சும் வெம்மை பின்வாயிற் சென்று கறியை வேகவைக்கும். சுற்றிலும் மண் பூசுவதால் வெம்மை வீணே சிந்தாது, விறகும் குறையும். எரிவாயு அடுப்பும் சன்னலோரத்தில் இடம்பெற்றது. புகைக்கூட்டுக்கு வழிவிட்டுப் பரண் ஒரு முழம் விலகிற்று. நான் கண்ட இடமாற்றம் அஃதொன்றே.

அம்மிக்கு அருகே கிரைண்டருக்கென ஒரு பிளக்கும் பொருத்தியாயிற்று. ஆனாற் சம்பல் அம்மியில்தான் அரைபட வேண்டுமாம். அவ்விடயத்தில் நானும் அம்மையாரின் கட்சியே.