ரோட்டில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தீர்களா? 48 மணி நேரம்தான் கெடு!

கொடைக்கானல்:
காட்டெருமை தெருவுக்கே வந்து நிற்கிற ஊர் கொடைக்கானல். காற்றில் மரம் சாய்ந்தால் மலை அணில் குட்டி கீழே விழும். தோட்ட வேலைக்குப் போகிறவர் கண்ணில் தேவாங்கு படும். “ஐயோ பாவம், தாயில்லாக் குட்டி” என்று துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். பால் ஊற்றுவார்கள். பேர் வைப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளரும்.

ஒரு நாள் வாசலில் வனத்துறை ஜீப் வந்து நிற்கும்!

“நான் என்ன சார், திருடினேனா?” என்று கேட்டுப் பலன் இல்லை. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வேட்டை என்றால் சுடுவது மட்டும் அல்ல. பிடிப்பதும் வேட்டைதான்! அப்படிப் பிடித்து அடைத்து வைத்த விலங்கு அரசாங்கச் சொத்து. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் போலீசிலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும்.

எத்தனை வருஷம் உள்ளே?

தேவாங்கு, காட்டெருமை, வரையாடு, நட்சத்திர ஆமை எல்லாம் 1-ம் அட்டவணை. மாட்டினால் 3 முதல் 7 வருஷம் வரை ஜெயில். அபராதம் குறைந்தது ரூ.25 ஆயிரம்.

கூண்டுக் கிளிதானே என்று அலட்சியம் வேண்டாம். நம்ம ஊர்ப் பச்சைக்கிளி 2-ம் அட்டவணை. 3 வருஷம் வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்!

சென்னையில் 2023 பிப்ரவரியில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த 2 கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்றது. அபராதம் ரூ.2½ லட்சம். 2024 ஏப்ரலில் கடலூர் பக்கம் கிளி ஜோசியக்காரரையே பிடித்தார்கள். கிளிகள் பறிமுதல், அவரை எச்சரித்து அனுப்பினார்கள்.

கோயில் யானை மட்டும்?

பழனி கோயில் யானை கஸ்தூரியைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கலாம். யானைக்குத் தனி விதி, உரிமைச் சான்றிதழ் உண்டு. “தாத்தா காலத்து மான் கொம்பு” என்கிறவரும் காகிதம் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட 2003-ல் 180 நாள் கெடு கொடுத்தார்கள். அது முடிந்து போன கதை.

வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்களும் கவனிக்க! ஆப்பிரிக்க சாம்பல் கிளி, பைத்தான் பாம்பு போன்றவற்றை இப்போது அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குட்டியின் கதி என்ன? தேவாங்கு இரவில் பூச்சி பிடித்துத் தின்கிற ஜீவன். பகல் வெளிச்சத்தில் பால் கிண்ணத்தை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? மனுஷர் கையில் வளர்ந்த பிறகு காட்டில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

இந்த மலையில் 608 சதுர கிலோ மீட்டருக்கு மேல் 2013-ல் சரணாலயம் ஆயிற்று. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்க் காட்டை 2022-ல் தேவாங்குக்கென்றே ஒதுக்கினார்கள். அவற்றுக்கு வீடு இருக்கிறது!

குட்டி தனியாகக் கிடந்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். குட்டிக்குக் காடு மிஞ்சும். உங்களுக்குக் கோர்ட் அலைச்சல் மிச்சம்!