சித்திரத்திற் சொன்ன சரிதை

பத்திரிகையில் வரும் சித்திரக்கதையைச் சிறுவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது பெரியோர் பலரின் வழக்கம். நான்கு கட்டங்கள், ஒரு கோமாளி, முடிவில் ஒரு சிரிப்பு. இதற்குமேல் அதில் என்ன உண்டு என்று கேட்பார்கள். ஒரு குடும்பத்தின் துயரையும் ஓரினத்தின் பேரழிவையும் அதே கட்டங்களுக்குள் அடக்கிக் காட்டலாம் என நிறுவியவர் அமெரிக்கச் சித்திரக்காரர் ஆட் ஸ்பீகல்மன். அவருடைய கலைவாழ்வைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

ஸ்பீகல்மன் 1948ஆம் ஆண்டில், சுவீடன் தலைநகராகிய ஸ்டொக்ஹோமிலே பிறந்தார். பெற்றோராகிய விளாடெக்கும் அன்யாவும் போலந்து நாட்டு யூதர்; நாசிகளின் ஒஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர்கள். அவர்களுடைய மூத்த மகன் யுத்தகாலத்திலேயே மாண்டுபோனான். குடும்பம் 1951இல் அமெரிக்காவிற் குடியேறியது. 1968இல் தாயார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மகனின் கலை முழுவதிலும் இந்த இழப்புகளின் நிழல் விழுந்திருக்கிறது.

அக்காலத்து அமெரிக்கச் சித்திரக்கதையின் நிலையையும் இங்கே அறிந்துகொள்ளல் வேண்டும். சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் எழவே, 1954இல் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டனர். அந்த முத்திரை பெறாத நூல்களை விற்க வணிகர் தயங்கினர். இதை எதிர்த்து, 1960களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து இளைஞர் சிலர், எவர் அனுமதியையும் நாடாது தாமே வரைந்து, தாமே அச்சிட்டு, வழக்கமான பத்திரிகைக் கடைகளைத் தவிர்த்து விற்கலாயினர். ரொபேட் கிரம் அவர்களுள் முதன்மையானவர். பின்னாளில் மாற்றுச் சித்திரக்கதை எனப் பெயர்பெற்ற இயக்கத்துக்கு வித்து இதுவே. ஸ்பீகல்மனும் இக்கூட்டத்தில் ஒருவர். எனினும் வயிற்றுப்பாட்டுக்காக, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ரொப்ஸ் என்னும் சூயிங்கம் நிறுவனத்துக்குச் சிறுவர் சேகரிக்கும் வேடிக்கைச் சீட்டுகளை வரைந்து கொடுத்தார்.

1972இல் தம் தந்தையின் அனுபவத்தை மூன்று பக்கச் சித்திரமாக வரைந்தார். அதுவே பின்னர் மௌஸ் என்னும் பெருநூலாக விரிந்தது. மௌஸ் என்பது எலியைக் குறிக்கும் ஜேர்மன் சொல். தந்தையைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொண்டு, அத்தியாயம் அத்தியாயமாக வரைந்தார். மனைவி பிரான்சுவாஸ் மூளியுடன் சேர்ந்து 1980இல் அவர் தொடங்கிய றோ என்னும் சஞ்சிகையில் அவை வெளிவந்தன. முதற் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூலுருப் பெற்றன.

இந்நூலில் யூதர் எலிகள்; ஜேர்மானியர் பூனைகள்; போலந்து மக்கள் பன்றிகள்; அமெரிக்கர் நாய்கள். இது வெறும் விளையாட்டா? அன்று. யூதரை ஒழிக்கவேண்டிய எலிக்கூட்டம் என்று நாசிகள் பிரசாரம் செய்தனர். அந்த இழிசொல்லையே எடுத்து, எலிமுகத்தின் பின்னே மனிதரை நிறுத்தினார் ஸ்பீகல்மன். இரண்டாம் பாகத்தில் அவர் தம்மையும் வரைகிறார்: எலி முகமூடி கட்டிய மனிதராக, மேசைமுன் குனிந்திருக்கிறார், மேசையடியிற் பிணக்குவியல். பிறர் துன்பத்தை எழுதிப் புகழடைவது முறைதானா என்ற கேள்வியை அப்படம் எழுப்புகிறது.

தந்தையை அவர் புனிதராகத் தீட்டவில்லை. கஞ்சத்தனமும் பிடிவாதமும் உள்ள முதியவராகவே காட்டுகிறார். தாயாரின் நாட்குறிப்புகளை மகன் கேட்க, அவற்றை எரித்துவிட்டதாகத் தந்தை ஒப்புக்கொள்ளும் இடத்தோடு முதற் பாகம் முடிகிறது. துயரம் தாங்காமற் செய்ததுதான். ஆயினும் தாயின் குரல் இரண்டாம் முறையும் மறைந்தது. சித்திரங்களும் இந்த எளிமைக்கு ஏற்றவையே. ஊற்றுப்பேனாவால், அச்சில் வரும் அதே அளவில் வரைந்தமையால், பக்கங்கள் ஒருவரின் கையெழுத்தைப் போலக் காணப்படுகின்றன.

நூலை எந்த வகையிற் சேர்ப்பது என்பதிலே உலகம் தடுமாறியது. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இரண்டாம் பாகத்தைப் புனைகதைப் பட்டியலிற் சேர்க்க, ஆசிரியர் மறுத்துக் கடிதம் எழுதினார். அது உண்மை நூல்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1992இல் சிறப்புப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பின்னர் நியூயோர்க்கர் சஞ்சிகைக்கு அட்டைப்படங்கள் வரைந்தார். 2001 செப்டெம்பரில் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபோது, கறுப்பின்மேற் கறுப்பாக அக்கோபுரங்கள் தோன்றும் அட்டை மூளியும் அவரும் சேர்ந்து உருவாக்கியது.

2022 சனவரியில் தெனசி மாநிலத்து மக்மின் மாவட்டக் கல்விச் சபை, கடுஞ்சொற்களையும் ஓர் ஆடையற்ற உருவத்தையும் காரணங்காட்டி, எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து மௌஸ் நூலை நீக்கியது. செய்தி பரவவே, மக்கள் அதனைத் தேடித்தேடி வாங்கினர். நூல் மீண்டும் விற்பனைப் பட்டியல்களின் உச்சியை எட்டியது.

நேயர்களே, விளாடெக் 1982இற் காலமானார். நூலுருவை அவர் காணவில்லை. அதற்குமுன் மகன் ஒலிநாடாவுடன் அருகே அமராதிருந்தால், தாயின் நாட்குறிப்பைப் போலத் தந்தையின் கதையும் அழிந்திருக்கும். நம் வீட்டு முதியோரிடம் கேட்டு வைக்கவேண்டியவற்றை, அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வோமாக.