டைலின் முதுகில் எழுதியிருப்பது

கொச்சியில் 'சீன' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. கடலோரத்தில் நிற்பது சீனவலை. அடுப்பில் இருப்பது சீனச்சட்டி. மாங்காயும் நெல்லிக்காயும் உப்பில் ஊறுவது சீனபரணி என்னும் பீங்கான் ஜாடியில். ஆகவே, பணி மாற்றல் உத்தரவு எங்களை அந்நகருக்குக் கொண்டுசேர்த்த சில வாரங்களில், மட்டாஞ்சேரிக் கடையொன்றில் 'பழைய சீன டைல்' என்ற சீட்டைக் கண்டதும் நம்பிவிட்டோம். எங்களில் ஒருவர் இவ்வங்கியின் அலுவலர், வணிகவியல் படித்தவர். மற்றவர் பள்ளி ஆசிரியை. பீங்கானைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

வாடகை வீட்டின் முன்கூடத்தைப் பசுமையாக அமைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. பிரம்பு நாற்காலி, தொட்டியில் வாழை, பெரணிச் செடிகள், அவற்றுக்குப் பின்னே சுவரில் வண்ண வண்ண டைல்கள். இதற்கு 'டிராப்பிக்கல் தீம்' என்று பெயராம். தென்னையும் வாழையும் ஜன்னலுக்கு வெளியே தாமாகவே வளர்ந்து நிற்கும் ஊரில் இதற்கொரு பெயர் வேறு வேண்டுமா என்று வீட்டு உரிமையாளர் கேட்டது நியாயமே. இருப்பினும் ஆறு டைல்கள் வாங்கினோம். ஒரு சாண் அளவுள்ள சதுரங்கள். புடைப்பாக வார்க்கப்பட்ட பூக்கள். பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் கண்ணாடிபோல் மினுங்கும் மெருகு. கீறல் விழாதிருக்க ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கம்பளித் துணி ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த அக்கறையை அன்று மெச்சினோம்.

உண்மையான சீன டைல்கள் கொச்சியில் இருக்கின்றன. அவற்றைக் காண, மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அடுத்துள்ள பரதேசி சினகாக் என்னும் யூதத் தொழுகைக்கூடத்துக்குச் செல்ல வேண்டும். 1568-இல் எழுந்த கூடம் அது. அதன் தரையில் பதித்துள்ள நீலமும் வெண்மையுமான டைல்கள் 18-ஆம் நூற்றாண்டில் சீனத்தின் கான்டன் துறைமுகத்திலிருந்து வந்தவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசக்கியேல் ரஹாபி என்பவரின் முயற்சியால் வந்தவை என்பர். காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் அத்தரையில் நடப்பது ஓர் அனுபவம். கொச்சி அரசருக்காக வந்த டைல்கள் அவை என்றும், மாட்டு இரத்தம் கலந்து செய்தவை என்று யாரோ கிளப்பிவிட்டதால் அரசர் அவற்றைத் துறந்தார் என்றும் வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வதுண்டு. வணிகர்களுக்கே உரிய குறும்புக் கதை. எல்லாம் கையால் வரைந்தவை என்பதால் ஒன்றின் கோடு மற்றொன்றில் அப்படியே வராது. ஆயினும் சற்று நின்று பார்த்தால், மரமும் நீரும் வீடுமாகச் சில அமைப்புகளே திரும்பத் திரும்ப வருவது புலப்படும்.

அங்கே எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. இந்த நீல டைல்கள் தட்டையானவை, ஓவியம் வரைந்தவை. எங்கள் டைல்களோ அச்சில் அழுத்திப் புடைப்பாக வார்த்தவை. இரண்டும் ஒரே நாட்டுக் கைவேலையாக இருக்க முடியுமா?

சுவரில் பதிக்கும் தட்டையான வண்ண டைல் சீனக் கட்டடங்களின் வழக்கமே அன்று. சீனர்கள் மெருகூட்டிய ஓட்டைக் கூரைக்குப் பயன்படுத்தினார்கள். தெற்குச் சீனத்திலும், சீனர் குடியேறிய பினாங்கு, மலாக்கா போன்ற வெப்பமான ஊர்களிலும், காற்று வருவதற்காகப் பச்சை மெருகிட்ட துளைக்கற்களைச் சுவரில் வைத்தார்கள். மூங்கிற்கணு வடிவில் பச்சைக் கைப்பிடிக் கால்களையும் அமைத்தார்கள். வெப்ப நாட்டு வீட்டுக்கு ஏற்ற பழைய சீனப் பீங்கான் வேண்டுமெனில் தேட வேண்டியவை இவையே. கொச்சிச் சினகாக்கில் உள்ளது போன்ற தட்டை டைல், வெளிநாட்டவர் கேட்டதற்காகச் செய்துகொடுத்த சரக்கு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: சீனப் பீங்கானைப் பார்த்து டச்சுக்காரர்கள் தங்கள் டெல்ஃப்ட் நகரில் நீல டைல் செய்தார்கள், டச்சு ஆட்சியில் இருந்த கொச்சிக்கு அதே பாணி டைல் சீனத்திலிருந்து வந்து சேர்ந்தது.

எங்கள் ஐயத்தைத் தீர்த்தவர் ஒரு வாடிக்கையாளர்.

ஃபோர்ட் கொச்சியில் தனியே வாழ்ந்த முதியவர் அவர். அம்மச்சி என்றே அழைப்போம். மங்களூர் ஓட்டுக் கூரை ஒழுகியது. பழுதுபார்க்கக் கடன் கேட்டிருந்தார். எங்களில் வங்கிக்காரர் வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, முன்கூடச் சுவரில் இடுப்பளவுக்கு வரிசையாக டைல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பழக்கூடை: திராட்சை, மாதுளை, பீச். ஓர் ஓரத்தில் ஒன்று பெயர்ந்து விழுந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினால், பின்புறம் கட்டம் கட்டமாகப் புடைத்த கோடுகள். நடுவே ஆங்கில எழுத்தில் 'மேட் இன் ஜப்பான்'.

அன்று மாலை எங்கள் டைல்களின் கம்பளித் துணியை உரித்தோம். ஆறிலும் அதே எழுத்து.

இதன் வரலாற்றைப் பிறகுதான் தேடிப் படித்தோம். உலர்ந்த களிமண் பொடியை இரும்பு அச்சில் அழுத்தி வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1840-இல் காப்புரிமை பெறப்பட்டது. மின்டன் போன்ற நிறுவனங்கள் அதைக் கொண்டு டைல் செய்து உலகெங்கும் அனுப்பின. ஜெர்மனியும் பெல்ஜியமும் தொடர்ந்தன. முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட, அவ்விடத்தை ஜப்பான் பிடித்துக்கொண்டது. 'மஜோலிகா' என்று பெயர்பெற்ற இந்த ஜப்பானிய டைல்கள் 1920-களிலும் 1930-களிலும் சீனம், தைவான், மலேயா, இந்தியா எனக் கப்பலேறின. இந்தியச் சந்தைக்கென்றே கிருஷ்ணரும் லட்சுமியும் சரஸ்வதியும் பொறித்த டைல்கள்கூட ஜப்பானில் வார்க்கப்பட்டன. நம் செட்டிநாட்டு மாளிகைகளின் சுவர்களில் மினுங்குபவற்றுள்ளும் ஜப்பானிய டைல்கள் பல. (அதே மாளிகைகளின் தரையில் உள்ள ஆத்தங்குடிக் கல் வேறு இனம். அது சூளையைக் காணாதது. கண்ணாடித் தகட்டின்மேல் சிமென்டும் வண்ணமும் வார்த்துச் செய்வது. இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை பேசுவோர் இன்றும் உண்டு.)

பின் 'சீன' என்ற பெயர் எப்படி ஒட்டியது? சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் இவற்றை விரும்பிப் பதித்தவர்கள் பெரனாக்கான் எனப்படும் சீன வழிமரபினர். வீடு சீனருடையது என்பதால் டைலும் சீனம் ஆயிற்று. இன்று அவற்றுக்குப் 'பெரனாக்கான் டைல்' என்றே பெயர். தைவானின் சியாயி நகரில், இடிபடும் வீடுகளிலிருந்து இவற்றை மீட்டு வைத்திருக்கும் அருங்காட்சியகமே உள்ளது. எனவே, ஜப்பானியது என்பதால் மதிப்புக் குறைவு என்று எண்ண வேண்டா. சீனம் என்று சொல்லி, இருநூறாண்டு என்று சொல்லி, அதற்கான விலையை வாங்குவதுதான் தவறு. எங்கள் ஆறு டைல்கள் நூறாண்டை எட்டியிருந்தாலே அதிகம்.

அம்மச்சியின் கதைக்கு வருவோம். பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் வங்கி தராது. ஒரு பங்கை விண்ணப்பதாரர் தம் கையிலிருந்து போட வேண்டும். அந்த மார்ஜின் தொகையில் அவருக்கு ஆறாயிரம் ரூபாய் குறைந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் சுவர் டைலுக்கு ஒன்றுக்கு 150 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். "நாற்பது டைல் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும் அல்லவா சார்?" என்று கேட்டார். எங்களுக்கே வாங்கிக்கொள்ள ஆசை எழாமல் இல்லை. ஆனால் கடன் விண்ணப்பம் மேசையில் இருக்கும்போது விண்ணப்பதாரரிடம் பொருள் வாங்குவது அலுவலருக்குத் தகாது. அது சரியான விதி. இன்றும் அப்படியே எண்ணுகிறோம். ஆனால் 'விலையை இன்னும் இரண்டு இடங்களில் விசாரியுங்கள்' என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதை நாங்கள் சொல்லவில்லை. கடன் வழங்கப்பட்டது. கூரை மாறியது. அடுத்த முறை சென்றபோது முன்கூடச் சுவரில் சுண்ணாம்புக் காரையின் வெற்றுச் சதுரங்கள் இருந்தன.

சில மாதங்கள் கழித்து, மட்டாஞ்சேரியில் ஒரு கடையில் அந்தப் பழக்கூடைகளைப் பார்த்தோம். சீட்டில் 'சீனம், 200 ஆண்டு'. விலை, ஒன்றுக்கு 2,800 ரூபாய்.

இந்த ஆசை உள்ள வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் காசு கொடுத்துக் கற்ற சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். முதலில் டைலைத் திருப்பிப் பாருங்கள். திருப்ப விடாத கடையில் வாங்காதீர்கள். தொழிற்சாலை டைலின் பின்புறம் பெரும்பாலும் பேசும். அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் முன்புறத்தைப் பாருங்கள். நுண்புள்ளிகளாலான படம் தெரிந்தால் அது அண்மையில் அச்சிட்டது. அப்படிப்பட்ட புது டைல்களும் அழகாகவே இருக்கின்றன. குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவதைப் புதியது என்றே சொல்லிப் புதியதன் விலைக்கு வாங்கினால் நட்டமில்லை.

பழைய டைலைச் சிமென்டில் பதிக்காதீர்கள். அம்மச்சியின் டைல்கள் உடையாமல் வந்தது, அவை சுண்ணாம்பில் நின்றதால். சிமென்ட் ஒருமுறை பிடித்தால் உடைத்தே எடுக்க வேண்டும். மாற்றலுக்கு உள்ளாகும் எங்களைப் போன்றோருக்கு அது ஆகாது. மரச்சட்டத்தில் ஓரங்களைப் பிடித்து நிறுத்தி மாட்டலாம். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை, உப்பு. டைலின் உடல் ஈரத்தை உறிஞ்சும்; காயும்போது உள்ளிருக்கும் உப்பு பூத்து மெருகைச் செதிலாகத் தள்ளிவிடும். வாங்கியவுடன் நல்ல நீரில் பல நாள் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி, நிழலில் மெல்ல உலர்த்துவது நல்லது. இந்த மஜோலிகா மெருகில் ஈயம் கலந்திருக்கும். தட்டாகவோ தேநீர் வைக்கும் தாங்கியாகவோ பயன்படுத்த வேண்டா. புளிப்புப் பண்டம் அறவே கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

பணத்தைப் பற்றி ஒரு வங்கிக்காரர் சொல்லாமல் விட்டால் நன்றாயிராது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்ததாயினும், தொல்பொருளே. அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனிநபர் அவற்றை நாட்டைவிட்டு அனுப்ப இயலாது. 1920-களில் வார்த்த டைல்கள் இப்போதுதான் ஒவ்வோர் ஆண்டாக அந்த எல்லையைக் கடந்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள மகனுக்குப் பரிசாக அனுப்ப நினைப்போர் இதை மனத்தில் கொள்க. வீட்டுக் காப்பீட்டில் கலைப்பொருள்கள் தாமாக அடங்கிவிடும் என்றும் எண்ண வேண்டா. 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் விலைமதிப்புள்ள பொருள்களுக்கு, ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில், தனி விருப்பக் காப்பு உண்டு. கேட்டுத்தான் பெற வேண்டும். அதற்கும் ரசீது தேவை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலோர் எழுதமாட்டார்கள். எழுதித் தருபவரிடம் மீண்டும் செல்லுங்கள். டைல்களை முதலீடு என்று மட்டும் கருதாதீர்கள். எங்கள் ஆறு டைல்களைக் கொடுத்த விலைக்குப் பாதிக்குக் கேட்கவும் ஆளில்லை.

அடுத்த தவணை கட்ட அம்மச்சி கிளைக்கு வந்தபோது, கடையில் பார்த்ததைச் சொன்னோம். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இரண்டு நாள் விவாதித்த பிறகே சொன்னோம். அவர் கோபப்படவில்லை. எந்தக் கடை என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் மூவரும் சென்றோம். ஒரு டைல் வேண்டும் என்றார். வாதாடி 2,000 ரூபாய்க்கு இறக்கினார். பணம் நாங்கள் தருகிறோம் என்றதற்கு, "வேண்டாம் மோளே" என்று ஆசிரியையின் கையைத் தட்டிவிட்டார்.

டைலைத் திருப்பிப் பார்த்தார். ஐம்பதாண்டு அதன் முகத்தைத் தினமும் துடைத்தவர், முதுகை அன்றுதான் பார்க்கிறார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஜப்பானா? கடைசிவரை சீனம் என்றுதானே அப்பச்சன் சொல்லிக்கொண்டிருந்தார்!"

அப்பச்சன் என்றது, அந்த வீட்டைக் கட்டிய மாமனாரை. கடைக்காரர் 'சீன டைல் - 1' என்று ரசீது எழுதி நீட்டினார். அம்மச்சி அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'சீன' என்பதை அடித்து, 'ஜப்பான்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போடச் சொன்னார்.