கடலுக்கு அடியிலும் சட்டம்!

கல்லின் மேல் கால் வைத்து, கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி ஒருவன் கடலுக்குள் இறங்குகிறான். ஏழெட்டுப் பாகம் ஆழம். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் பாரில் கை நீட்டித் துழாவுகிறான். ஒரு சிப்பி அகப்படுகிறது. நெஞ்சு வெடிக்கும் முன் மேலே வந்துவிட்டால் பிழைத்தான், இல்லாவிட்டால் இல்லை.

அந்தச் சிப்பி யாருடையது? உயிரைப் பணயம் வைத்து எடுத்தவனுடையதா? தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியுடையதா? அல்லது கடலையே பார்த்திராத ஓர் அதிகாரி எங்கோ உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறாரே, அந்தச் சர்க்காருடையதா?

தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. நிலத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் என்பது கச்சேரியிலும் தாலுகா ஆபீசிலும் இருக்கும் ஒரு சங்கதி. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கோ அது தண்ணீருக்கு அடியிலும் உண்டு. மனிதனுடைய சுதந்திரத்துக்கும் சர்க்காரின் கட்டுப்பாட்டுக்கும் எல்லை எங்கே என்று அறிய விரும்புகிறவர்கள் பெரிய நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. முத்தின் கதையையும் சங்கின் கதையையும் கடல் அட்டையின் கதையையும் கேட்டால் போதும்.

கைதிகள் எடுத்த முத்து

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலை விட்டு விலகி, உள்நாட்டில் ஒரு சிற்றூராக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு நூலில் இந்தக் கொற்கையின் முத்துக் குளிப்பைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்பதே அந்தச் செய்தி. நம் முத்துக் குளிப்பைப் பற்றி வெளிநாட்டார் எழுதி வைத்த மிகப் பழைய சாட்சியங்களில் ஒன்று இது. உலகமெல்லாம் புகழ்ந்த முத்தை எடுத்த கைகள் சுதந்திரமான கைகள் அல்ல என்பதை எண்ணும்போது சற்று மனம் கனக்கத்தான் செய்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாமீன் கடிக்காதபடி மந்திரம் ஓதுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று அவர் எழுதி வைத்தார். மந்திரம் பலித்ததோ இல்லையோ, அரசன் கேட்டது பத்தில் ஒன்றுதான்!

பின்னர் காலம் மாறியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பிறகு ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் பீரங்கியோடு வந்தார்கள். கணக்குப் புத்தகத்தோடும் வந்தார்கள். பரதவர் சமூகத்தின் ஜாதித் தலைவருக்குச் சிலாபத்தில் சில உரிமைகளை விட்டுக் கொடுத்து, அவர் மூலமாகவே மற்றவர்களைக் கட்டி ஆண்டார்கள்.

ஆங்கிலேயர் நடத்திய முத்துச் சிலாபத்தில் மாலையில் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு அன்றன்றே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். நடுக்கடலில் சிப்பியைத் திறந்து பார்ப்பது குற்றம். பத்தில் ஒன்று கேட்ட அரசன் போய், மூன்றில் இரண்டு கேட்கும் அரசாங்கம் வந்துவிட்டது.

ஆட்சி மாறியது, முத்திரை மாறவில்லை

அந்நியர் ஆட்சி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லலாம். தூத்துக்குடிக்கு அந்த ஆட்சியின் சட்டத்தோடு மோதிய பழக்கமும் உண்டு. இதே துறைமுகத்திலிருந்து 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908இல் கிடைத்த பரிசு ராஜத்துரோகக் குற்றச்சாட்டும் சிறையும் செக்கும் அல்லவா?

ஆனால் 1947க்குப் பிறகு என்ன நடந்தது? 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்களில் தொடர்ச்சியாக முத்துச் சிலாபம் நடந்தது. நடத்தியது நம்முடைய சென்னை ராஜ்ய சர்க்கார். பாரைச் சோதித்தவர்கள் அதிகாரிகள். சிலாபம் உண்டா இல்லையா என்று அறிவித்தவர்களும் அதிகாரிகள். அறிவிப்பு வராமல் ஒரு சிப்பியைக்கூட யாரும் தொட முடியாது. 1961க்குப் பின் அப்படிப்பட்ட சிலாபம் நடக்கவே இல்லை. பாரில் சிப்பி குறைந்துவிட்டது.

சங்கின் கதையும் இதேதான். வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு மூலப்பொருள் இந்தக் கடலிலிருந்துதான் போயிற்று. சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் சங்கு சர்க்காரின் ஏகபோகமாகவே இருந்தது. குளியாளி லைசென்சு வாங்கிக் கடலில் இறங்க வேண்டும்; எடுத்த சங்கைச் சர்க்கார் நிர்ணயித்த விலைக்குச் சர்க்காரிடமே கொடுக்க வேண்டும். வலம்புரிச் சங்கு ஒன்று அகப்பட்டால் ஊரே பேசும். ஆனால் அதன் விலை குளியாளியின் கையில் இல்லை.

இவ்வளவையும் படித்தவுடன் “சட்டமே வேண்டாம், கடலைத் திறந்து விடுங்கள்!” என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

கட்டுப்பாடே இல்லாவிட்டால்?

அதே சங்குத் துறையில் இன்னொரு விதியும் இருந்தது. 2¼ அங்குலம் விட்டம் இல்லாத சிறு சங்குகளை மீண்டும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இது யாருடைய சுதந்திரத்தையும் பறித்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். இன்று விட்ட குஞ்சுச் சங்கு நாளை பெருஞ்சங்காகித் திரும்பி வரும் என்பது குளியாளிக்குத் தெரியாததா? காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. விதியும் ஏற்கத் தக்கதாக இருந்தது.

கட்டுப்பாடு இல்லாததால் வந்த கேட்டையும் இதே கரையில் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அவற்றைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கி நின்ற அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் தேய்ந்து போய், அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இஷ்டம்போல் வெட்டும் சுதந்திரம் சிலருக்கு இருந்தது. அதன் விலையைக் கடற்கரை முழுவதும் கொடுத்தது.

விசைப்படகுகள் விஷயமும் அப்படியே. கரையோரத்தில் பெரிய மடி வலையை இழுத்தால் நாட்டுப் படகுக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று ஏற்பட்டது. மீன் இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை 2001இல் வந்தது. 2017 முதல் அது 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. முணுமுணுப்பு இருக்கிறது, நிவாரணத் தொகை போதாது என்ற குறையும் இருக்கிறது. ஆனாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏன்? காரணம் புரிகிறது, விசைப்படகு வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே விதி, எல்லாவற்றுக்கும் மேலாக, தடை முடியும் தேதி காலண்டரில் இருக்கிறது!

ஒரே நாளில் குற்றம்

இப்போது கடல் அட்டையைப் பார்ப்போம். மணலை உண்டு கடலடியைத் துப்புரவு செய்யும் ஒரு சாதுவான பிராணி. நம்மவர்கள் அதைச் சாப்பிடுவதில்லை. ஆனால் வேக வைத்து, மணலில் புதைத்து, காய வைத்து ஏற்றுமதி செய்தால் சீனர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் நடந்த தொழில் இது.

1982இல் இதற்கு முதல் கட்டுப்பாடு வந்தது. 3 அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். சங்கு விதியைப் போன்ற ஒரு விதி. பிறகு 2001 ஜூலை 11ஆம் தேதி மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கடல் அட்டை இனம் முழுவதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதாவது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அட்டைக்கும்! அட்டவணைக்கு உட்பட்ட பிராணியைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

புதிதாகச் சட்டம் இயற்றப் பார்லிமெண்டு கூடவில்லை. அட்டவணையை அறிவிக்கை மூலமே மாற்றச் சட்டம் இடம் தருகிறது. நேற்று வரை தொழிலாளியாக இருந்தவன் இன்று காலை எழுந்தபோது குற்றவாளி. வலையில் தானாக வந்து விழுந்த அட்டைக்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மீனவர்களின் புகார்.

அட்டைக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மெல்ல நகரும் பிராணி. கையால் பொறுக்கி விடலாம். விட்டால் பூண்டற்றுப் போகும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். இதே வளைகுடாவின் அக்கரையான இலங்கையில் லைசென்சு பெற்று அட்டை பிடிக்கலாம். பண்ணை வைத்தும் வளர்க்கலாம். ஒரே கடல், ஒரே பிராணி. இக்கரையில் சிறை, அக்கரையில் வியாபாரம்! விளைவு என்ன? அட்டை கள்ளத் தோணியில் ஏறுகிறது. லாபம் கடத்தல்காரனுக்கு, வழக்கு கூலிக்குக் குளித்தவனுக்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தையை 1988லேயே நம் நாட்டில் செய்து காட்டியவர்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி விஞ்ஞானிகள். அதே ஊர் மீனவன் அந்தக் குஞ்சை வாங்கி வளர்த்து விற்க வழியில்லை. தடையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று மீனவர்கள் மட்டுமல்ல, ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாராரும் சொல்லி வருகிறார்கள். ஆனாலும் தடை நீடிக்கிறது.

சுறாவுக்குக் கிடைத்த நியாயம்

சட்டம் என்றால் கல்லில் பொறித்தது, மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. அதே 2001 ஜூலை அறிவிக்கையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்துக்கும் தடை போட்டிருந்தார்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். கரையெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பரில், அதாவது ஐந்தே மாதத்தில், தடை ஒரு சில இனங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. சுறாவும் ஒழியவில்லை, சர்க்காரும் கவிழவில்லை! குரல் பலமாக இருந்த இடத்தில் சட்டம் காது கொடுத்தது. அட்டை பொறுக்கும் ஏழையின் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

குரல் கொடுப்பதோடு நில்லாமல், தாங்களே விதி வகுத்துக் கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்றும், வேரோடு சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்றும் தங்களுக்குள் கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் ‘ஸீகாலஜி’ பரிசு கிடைத்தது. அதே கடல், அதே வறுமை. ஆனால் விதியை வகுத்தவர்களும் விதிக்கு உட்பட்டவர்களும் ஒருவரே.

மூன்று கேள்விகள்

சுதந்திரம் என்றால் நினைத்ததைச் செய்வது அல்ல. அப்படிப்பட்ட சுதந்திரம் இரண்டு தீவுகளைத் தின்றுவிட்டது. ஆனால் கட்டுப்பாடு என்றால் மேலே உள்ளவர் சொல்ல, கீழே உள்ளவன் வாய் பொத்திக் கேட்பதும் அல்ல.

எந்தச் சட்டமானாலும் அதற்கு உட்படுகிறவன் மூன்று கேள்விகளைக் கேட்க உரிமை பெற்றவன். இது ஏன் வந்தது என்று எனக்குச் சொன்னீர்களா? இதைச் செய்யுமுன் என்னைக் கேட்டீர்களா? இதை மறுபடி எப்போது எடுத்துப் பார்ப்பீர்கள்? சிறு சங்கைத் திருப்பி விடும் விதியும் 61 நாள் தடையும் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவாவது பதில் சொல்கின்றன. அட்டைத் தடைக்கு இரண்டாவது கேள்விக்கும் பதில் இல்லை, மூன்றாவதற்கும் பதில் இல்லை. பதில் சொல்லாத சட்டத்தை மனிதன் மதிப்பதில்லை. பயப்பட மட்டுமே செய்கிறான். பயமோ இருட்டியதும் விட்டுப் போய்விடுகிறது. கள்ளத் தோணி புறப்படுவதும் அந்த நேரத்தில்தான்.

கொற்கையில் முத்தெடுத்தவன் கைதி. அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று கடலில் இறங்குகிறவன் ஓட்டுரிமை உள்ள பிரஜை. அவனிடம் கேட்காமல் அவன் கடலுக்குப் பூட்டுப் போடுவது எந்த விதத்தில் நியாயம்?