வள்ளல் யார்?

பள்ளி விழாவில் சிறப்பு விருந்தினர் ஆளுயர மாதிரிக் காசோலையை நீட்டினார். அரசாங்க மானியம்தான். அறிவிப்பாளரான நானோ ஒலிவாங்கியில் "வள்ளல்" என்றேன்! மேடையை விட்டு இறங்கியதும், துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, "அவர் கொடுக்கலன்னா யாரு கொடுப்பா?" என்றார்.

"நீங்களும்தான் கொடுத்திருக்கீங்க, அக்கா."

"நான் எங்க வரி கட்டினேன்?"

2015-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது ரசீதில் வரி தனியாகத் தெரிந்தது. 2018 செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பியதும், விற்பனை வரி பொருளின் விலைக்குள் ஒளிந்துகொண்டது. கண்ணில் படாததால், கொடுத்தவருக்கே கொடுத்தது மறந்துபோகிறது.

வரிப் பணம் சேருமிடம் கூட்டரசு ஒருங்கிணைந்த நிதி. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி அதிலிருந்து மானியம் எடுக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை. அரசாங்கம் வெறும் கிராணி, முதலாளி அக்காதான்.

அடுத்த விழாவுக்கான குறிப்பில் "வள்ளல்" என்பதை அடித்துவிட்டேன். ஏற்பாட்டாளர் மறுபடியும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.