நீலகிரித் தைலமும் தைல மரமும்

காஞ்சீபுரத்தில் தறிக்குழியில் கால்களை இறக்கி நாள் முழுதும் அமர்ந்து பட்டு நெய்வோர்க்கு இடுப்பும் முழங்காலும் நோவது இயல்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜலதோஷமும் உடன் சேரும். அவ்வேளைகளில் நாடப்படும் எளிய மருந்துகளுள் நீலகிரித் தைலமும் ஒன்று. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது, அதைத் தரும் மரத்தைச் சமவெளி நிலத்தில் வைக்கலாமா என்பவற்றை ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

மரத்தின் வரலாறு

யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியா தேசத்தது. அதில் எழுநூறு ஜாதிகள் வரை உண்டு. அந்நாட்டுப் பூர்வ குடிகள் அதன் இலையைக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பயன்படுத்தினர். 1843-ம் வருஷத்தில் இம்மரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. உதகமண்டலத்திலும் வெலிங்டனிலும் விறகின் பொருட்டுச் சோலைகள் வெட்டப்பட்டு அருகிவந்தமையால், விரைவில் வளரும் இம்மரத்தைச் சர்க்கார் பின்னர் ஏராளமாகப் பயிரிட்டனர். இவ்வாறு விறகுக்கென வந்த மரம் தைலத்தால் பேர்பெற்றது.

தைலம் வடிக்கும் முறை

இலைகளைப் பெரிய கொப்பரையில் இட்டு, நீர் வார்த்து, மூடி, அடியில் தீ எரிப்பர். எழும் ஆவி குளிர்ந்த நீரினூடே செல்லும் குழாயில் புகுந்து திரவமாகும். அதில் தைலம் மேலே மிதக்க, நீர் கீழே தங்கும். 100 கிலோ இலைக்கு ஏறக்குறைய 1 கிலோ தைலமே கிடைக்கும். அதன் மணத்துக்கும் குணத்துக்கும் முக்கிய காரணம் சினியோல் என்னும் சத்தாகும்.

உபயோகமும் எச்சரிக்கையும்

கொதித்த நீரில் சில துளிகள் விட்டு ஆவி பிடித்தால் மூக்கடைப்பு இளகியதுபோல் சுகம் தோன்றும். தேங்காயெண்ணெயில் சிறிது கலந்து மூட்டுகளில் தேய்த்தால் நோவு தணியும். எண்ணெய்க் கறையைக் கரைக்கும் சக்தியும் இதற்கு உண்டு. ஆயினும் பட்டுத் துணியில் இடுமுன் மறைவான ஓரத்தில் சோதித்தல் வேண்டும். இது தீப்பற்றும் பொருளாதலால் விளக்கருகில் வைக்கலாகாது.

இத்தைலத்தை உள்ளுக்கு அருந்துதல் பெரும் அபாயமாகும். ஒரு சிறு கரண்டி அளவு விழுங்கிய குழந்தைகளுக்கும் வலிப்பும் மயக்கமும் நேர்ந்ததுண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட சிசுக்களின் மூக்கிலோ முகத்திலோ இதைத் தடவவே கூடாது. புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். தவறி விழுங்கிய குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கலப்படம் அறிதல்

வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுக் காற்றில் உலர வைத்தால், சுத்தமான தைலம் ஆவியாகிவிடும். கடலெண்ணெய் போன்றவை கலந்திருந்தால் பிசுக்குக் கறை நிற்கும். மண்ணெண்ணெய்க் கலப்பை இச்சோதனை திட்டமாகக் காட்டாது. அதற்கு ரசாயன சாலைப் பரிசோதனையே தக்கது.

சமவெளியில் பயிரிடலாமா?

தைலத்துக்குச் சிறந்த குளோபுலஸ் ஜாதி குளிர்ந்த உயர்மலையில்தான் செழிக்கும். சமவெளியில் தைல மரம் என்று வழங்குவது பெரும்பாலும் வேறு ஜாதி. காகிதக் கூழுக்கும் கழிக்கும் அது உதவுமேயன்றி, அதன் இலையில் தைலம் குறைவு. அதை நம்பிச் சங்கப் பணத்தில் கொப்பரை வாங்குதல் நஷ்டத்துக்கு வழியாகும்.

தண்ணீரையும் கருத வேண்டும். இம்மரத்தின் மணம் விஷக்காய்ச்சலை ஓட்டும் என்று ஒரு காலத்தில் பல தேசத்தாரும் நம்பினர். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-ல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். ஆகவே இம்மரத்தால் காய்ச்சல் எங்கேனும் குறைந்திருந்தால், அது சதுப்பு நீரை உறிஞ்சியதாலேயே இருக்கக்கூடும்; மணத்தால் அன்று. சதுப்பில் நன்மையாகும் அக்குணமே ஏரிப்பாசன நாட்டில் தீமையாகும். உதகமண்டலத்தை அடுத்த கிளென்பர்னில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் புல்வெளியில் இம்மரத்தை நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டில் ஓடைநீர் வருஷத்துக்குச் சராசரி 16 சதவீதம் குறைந்தது. பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் ஊர்களுக்கு இது சிறிய விஷயமன்று. ஏரிக்கரை, நீர்வரத்துக் கால்வாய், கிணற்றடி ஆகிய இடங்களில் இம்மரத்தைத் தவிர்த்து, புங்கு, வேம்பு, புளி முதலியவற்றை வைத்தலே உத்தமம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்த 1904-ம் வருஷத்திலேயே காஞ்சீபுரத்தில் நகர சங்கம் பதிவாயிற்று. தனி ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்பது அவ்வூருக்குப் புதிதன்று. அங்கத்தினர்கள் தனித்தனியே தெருவில் விற்கும் புட்டியை வாங்குவதைவிட, சங்கப் பண்டசாலை வாயிலாகப் பரிசோதித்த சரக்கை மொத்தமாகத் தருவித்துப் பகிர்ந்துகொள்ளலாம். அதனால் விலையும் குறையும், கலப்படத்துக்கும் இடமிராது. ஒவ்வொரு புட்டியின் மீதும் "மேற்பூச்சுக்கு மட்டும், உள்ளுக்கு அருந்தலாகாது" என்று தமிழில் தெளிவாக ஒட்டிவைத்தல் அவசியம். அச்சீட்டின் செலவு சில காசுகளே. அது ஒரு குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும்.