பாரிஸில் போட்ட தீர்மானமும் நம்ம பிச்சாவரமும்



2015-ம் வருஷ வெள்ளத்தை நம்ம கடலூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் மாதம் நாம் வீட்டுக்குள் புகுந்த தண்ணியை இறைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், பாரிஸ் நகரத்தில் உலக நாடுகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. டிசம்பர் 12-ம் தேதி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும்போது வரும் கரியமில வாயு, கம்பளி போர்த்தின மாதிரி பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் கடல் சூடாகிறது, கடல் மட்டம் ஏறுகிறது. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழையும் கூடுகிறது. ஒரு நாட்டுப் புகை அந்த நாட்டோடு நிற்காது. அதனால்தான் எல்லா நாடும் ஒன்றாக உட்கார வேண்டியிருக்கிறது.

நம்ம குழு மாதிரிதான்

பாரிஸில் என்ன முடிவு செய்தார்கள்? பூமியின் சூடு 2 டிகிரிக்கு நன்றாகக் குறைவாகவே கூட வேண்டும், முடிந்தால் 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தானே எழுதிக் கொடுக்கும். 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும். ஆனால் நம்ம குழுவில் தவணை தவறினால் அபராதம் உண்டு, அங்கே கிடையாது.

ஏழை நாடுகளுக்கு 2020-ல் இருந்து வருஷம் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக பணக்கார நாடுகள் 2009-ல் சொன்னன. அந்தத் தொகை முதல் தடவையாக எட்டியது 2022-ல்தான்! அமெரிக்கா 2017-லும் 2025-லும் ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது.

அப்படியானால் எல்லாம் வெறும் பேச்சா? இல்லை. சிதம்பரம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

சிதம்பரத்துக்கு தில்லை என்ற பெயர் வந்ததே தில்லை மரத்தால். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் அந்த மரம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலம் தொட்டு இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டின இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து பள்ளமானது. தண்ணி தேங்கி உப்பு ஏறியது, கன்று முளைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணி வந்து போக வழி செய்து, கன்று நட்டார்கள். இந்திய–கனடா கூட்டு நிதியும் இதற்கு உதவியது.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலில் இருந்து தூரமும் மேடும்கூடக் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஆனாலும் அலையின் வேகத்தை இந்த மரங்கள் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. மண்ணில் கரியமில வாயுவையும் சேர்த்து வைக்கும்.

2022-ல் பிச்சாவரம் 'ராம்சார்' பட்டியலில் சேர்ந்தது. ஈரானில் உள்ள ராம்சார் ஊரில் 1971-ல், நீர்நிலைகளைக் காக்க நாடுகள் போட்ட ஒப்பந்தம் அது. இந்தியா 1982-ல் சேர்ந்தது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

"இனிமே காட்டுக்குள்ள விடமாட்டாங்களோ?" என்ற பயம் சிலருக்கு வரலாம். கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. ராம்சார் ஒப்பந்தம் மக்களை வெளியேற்றச் சொல்லவில்லை. இயற்கை கெடாமல் அறிவோடு பயன்படுத்துங்கள் என்பதே அதன் அடிப்படை. இது தெரிந்தால்தான் நம் உரிமையைப் பேச முடியும்.

அதனால் அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். வாய்க்கால் தூர்ந்து போச்சா, நட்ட கன்று பிழைத்ததா, காட்டை நம்பி வாழ்பவர்களைக் கேட்டு முடிவெடுக்கிறார்களா என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். கிராம சபையில் நாம் எல்லோரும் சேர்ந்தே கேட்போம். பாரிஸில் அபராதம் இல்லாமல் இருக்கலாம். இங்கே கேள்வி கேட்க நாம் இருக்கிறோம்!